ஸ்டோர்ஸ் முனைக் காகிதப்பூ

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் ரெண்டு சேர்த்துச் சொல்வார்கள்.

கார்டன் செக்‌ஷனுக்கு நான் வந்த புதிதில், எங்கள் கம்பெனி ஆபீஸ் வாசலில் இருந்த இட்லிப்பூ வேலியை கேஜ் வைத்து வெட்டினேன். அதற்கு முன்னால் நான் தகடு அடிக்கும் ப்ரஸ் ஷாப்பில் இருந்தவன். அங்கே பீஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கேஜ் என்று ஒரு இரும்புச் சட்டம் வைத்திருப்போம். பீஸ் அதற்குள் நுழைந்தால் பாஸ், இடித்தால் ரிஜெக்ட். செடிக்கும் அதுதானே நியாயம் என்று, ஃபேப்ரிகேஷனில் சொல்லிப் பெரிய சட்டம் ஒன்று செய்து வாங்கி வந்து, வேலி மேல் மாட்டி, வெளியே நீட்டிய ஒவ்வொரு நுனியையும் சீவித் தள்ளினேன். முடித்தபோது வேலி புதுசாகப் பிரித்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. எட்ட நின்று பார்த்து எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

இட்லிப்பூ நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பது அப்போது கம்பெனியில் எனக்கு மட்டும் தெரியாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அந்த வாரம்தான் வெளிநாட்டுக் கஸ்டமர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் வேலியருகே குனிந்து, ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாராம். அதைப் பாராட்டு என்று நினைத்து சாயங்காலம் வரை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நான் ரிட்டயர் ஆன பிறகும் கார்டன் செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள் போல. நானும் ஞாபகப்படுத்தவில்லை. போன வாரம் அதில் ஒரு வீடியோ போட்டார்கள். பேட்டரியில் ஓடும் வெட்டும் மெஷின் வந்திருக்கிறது. ஒரு ஆள் அதைத் தூக்கி 'ர்ர்ர்' என்று ஒரு சுற்றுச் சுற்றினால், செடி உருண்டையாகிவிடுகிறது. கீழே ஒரு கேள்வி: "முனிண்ணா, உங்க டைம்ல ஸ்டோர்ஸ் முனை காகிதப்பூவ கையாலயா வெட்டுனீங்க? எப்டிண்ணா? எழுதுங்க."

உள்ளதைச் சொன்னால், வீடியோவைப் பார்த்ததும் பொறாமையில் எனக்குக் கை அரித்தது. அந்த மெஷின் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் எங்கள் கம்பெனி இருக்கும் ஒரகடத்தையே உருண்டை பிடித்திருப்பேன். நல்லவேளை, இல்லை. ஏன் நல்லவேளை என்றுதான் எழுதப்போகிறேன்.

ப்ரஸ் ஷாப் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. டாக்டர் சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னார். 'லைட் டூட்டி' என்று கார்டனுக்கு அனுப்பினார்கள். லைட் டூட்டி என்றவனைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அரளிப் பாலை முகத்தில் தேய்த்துக்கொண்டு கண் வீங்கினேன். நந்தியாவட்டையை மொட்டையடித்துவிட்டுத் திட்டு வாங்கினேன். செம்பருத்தியில் சிவப்பெறும்புக் கூட்டை நடுவில் வெட்டி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு பேக்கிங் செக்‌ஷன் வழியாக ஓடினேன். படிப்புக் காலம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜெபராணி மேடம் வந்தார்.

மேடம் தோட்டக்கலை படித்தவர், தென்காசிப் பக்கம். என்னைவிட வயதில் சின்னவர். அதனால் என்னை 'அண்ணாச்சி' என்பார், ஆனால் அந்த 'அண்ணாச்சி'யில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு குட்டு என்று பிரிக்கவே முடியாது. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் தப்பாக வெட்டப் போகும்போது பக்கத்தில் வந்து நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். நம் கை தானாக இறங்கிவிடும்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், என்னை ஒரு செடிக்குக் கீழே மல்லாக்கப் படுக்கச் சொன்னது.

"இன்னா மேடம், தூங்கவா?"

"மேல நின்னு பாத்தா முடிதான் தெரியும் அண்ணாச்சி. எலும்பு கீழ கெடந்தாத்தான் தெரியும். படுங்க."

படுத்தேன். உண்மைதான். வெளியிலிருந்து பார்க்க அடர்த்தியாகப் பச்சையாக இருந்த செடி, உள்ளே காய்ந்த குச்சிகளும், ஒன்றோடொன்று உரசித் தோல் உரிந்த கிளைகளுமாக, நம் வீட்டுப் பரண் மாதிரி கிடந்தது.

ரெண்டாவது காரியம், ப்ரஸ் ஷாப்பிலிருந்து டேக் கட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னது. கெட்டுப்போன பீஸில் சிவப்பு டேக் கட்டுவோம். சந்தேகமான பீஸில் மஞ்சள். அதே டேக்கை அவர் செடியில் கட்டினார். வெட்ட வேண்டிய கிளைக்குச் சிவப்பு. யோசிக்க வேண்டியதற்கு மஞ்சள். சிவப்பு கட்டினால் "ஏன்?" என்று கேட்பார். செத்துப்போச்சு, உரசுது, உள்பக்கமா போவுது, கிழடாயிடுச்சு. இந்த மாதிரிப் பதில் சொன்னால் தலையாட்டுவார். "நீட்டிகினு கீது மேடம்" என்றால், "ஒங்க மூக்குந்தான் நீட்டிக்கிட்டு இருக்கு" என்று டேக்கை அவிழ்த்துவிடுவார். எல்லாம் கட்டி முடித்ததும் வெட்டக் கூடாது. போய் டீ குடிக்க வேண்டும். குடித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டிய சிவப்பில் பாதி மஞ்சளாகிவிடும். இதுதான் அவர் சட்டம். கட்டு, டீ குடி, அவிழ், அப்புறம் வெட்டு. ஒரு தடவை குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்த பையன் சிவப்பு டேக் தொங்கும் செம்பருத்தியைப் பார்த்து, "இது எந்த லாட்டுண்ணா?" என்று கேட்டான். "சாமிக்குப் போற லாட்டு" என்றேன். எழுதிக்கொண்டு போனான்.

இப்போது ஸ்டோர்ஸ் முனைக்கு வருகிறேன்.

ஸ்டோர்ஸ் ஷெட்டின் முனையில், ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதையும் கேன்டீனிலிருந்து வரும் நடைபாதையும் சந்திக்கும் இடத்தில், கம்பெனி கட்டும்போதே யாரோ ஒரு காகிதப்பூ வைத்துவிட்டார்கள். முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டே போகவில்லை. அது ஷெட் மேல் ஏறி, தகரக் கூரையில் படர்ந்து, பூவையெல்லாம் அங்கே வைத்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் பிளேன்காரனுக்குத்தான் அந்தப் பூ. கீழே நமக்குக் கிடைத்தது இலைச் சுவர் ஒன்று.

சகாயம் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர். சுத்துப்பட்டில் அவன் மாதிரி வண்டி ஓட்ட ஆள் கிடையாது. முட்டைத் தட்டைக் கொடுத்தால்கூட உடையாமல் ரேக்கில் ஏற்றுவான். ஒரு நாள் காலை டீ நேரம், அந்த முனையில் திரும்புகிறான். இலைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேன்டீன் கஸ்தூரி அக்கா டீ டிராலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அவனுக்கு அக்கா தெரியவில்லை. அக்காவுக்கு ஃபோர்க்லிஃப்ட் தெரியவில்லை. ஃபோர்க்கின் நுனி டிராலியில் இடித்த சத்தத்தில்தான் பிரேக் அடித்தான். டிராலி கவிழ்ந்து பாதை முழுக்க டீ. அக்காவும் கீழே விழுந்தார், ஆனால் ஒரு கீறல் இல்லை. எழுந்து நின்று, "ஏண்டா கண்ணு தெரியலியாடா உனக்கு?" என்று அக்கா கத்தியது எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகாயம் மட்டும் சீட்டிலிருந்து இறங்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"கால்கூடத் தெர்லண்ணா. அக்காவோட கால்கூடத் தெர்ல."

அன்று மத்தியானமே சேஃப்டி ஆபீசரிடம் போய் அந்தச் செடியைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்காவிட்டால் அந்த ரூட்டில் வண்டி எடுக்க மாட்டேன் என்றான். அவன் கேட்டதில் தப்பே கிடையாது. சேஃப்டி சாரும் நல்ல மனுஷன். மழைநீர்க் கால்வாய் வேலைக்கு ஜேசிபி உள்ளேயே நின்றது, திங்கட்கிழமை தூக்கிவிடலாம் என்றார்.

மேடம் போய் நின்றார். எப்போதும் நிற்பதுபோல நின்றார்.

"சார், நான் அத வெட்டிச் சரி பண்ணித் தாரேன்."

"வெட்டுனா தெரியும்மா. வளந்தா? பூத்தா தொங்கும்ல?"

"தொங்கும். தொங்குறப்பவும் தெரியணும். அப்படி வெட்டணும்."

சேஃப்டி சார் ஒத்துக்கொண்டார். வேலை முடியும் வரை அந்தப் பாதையை ஒருவழிப் பாதையாக்கி, முனையில் கொடி காட்ட ஆள் போடுவதாகவும், செடி நிறையப் பூத்துத் தொங்கும்போது தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். "சகாயம் சீட்ல உக்காந்து பாக்கட்டும். அவன் தெரியலன்னு சொன்னா, அன்னிக்கே ஜேசிபி."

சகாயம் என்னைப் பார்த்துச் சொன்னான்: "நான் தெரியலன்னுதாண்ணா சொல்லுவேன்."

மழை விட்டதும், தை பிறந்து வேலையை ஆரம்பித்தோம். வெல்டிங் ஷாப்பில் தோல் கிளவுஸும் தோல் ஏப்ரனும் முகக் கவசமும் கடன் வாங்கி மாட்டிக்கொண்டேன். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாபா, முனிண்ணா சந்திரனுக்குப் போறாரா?" என்று ஒரு குரல். கவசத்துக்குள் இருந்து நான் கொடுத்த பதில் எனக்கு மட்டுமே கேட்டது.

கூரை மேல் இருப்பதை இழுக்கவே கூடாது என்றார் மேடம். இழுத்தால் தகரமும் வரும், நானும் வருவேன். கீழே அடியில் அறுத்து, மேலே காயவிட்டு, துண்டு துண்டாக இறக்கினோம். மண்ணிலிருந்து புதிதாகக் கிளம்பிய குச்சிகளை எல்லாம் அடியோடு எடுத்தோம். முழங்கை பருமனுக்கு இருந்த நாலைந்து தண்டுகளை மட்டும் நிறுத்தினோம். பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடியிலிருந்து கொஞ்சம், அப்புறம் மேலிருந்து. மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை விழும்போது தண்டின் தோலையும் நாக்கு மாதிரி உரித்துக்கொண்டு போகும். சின்னக் கிளையில் வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். புதுக் கிளை பாதையை விட்டு விலகி, ஷெட்டுப் பக்கமாக வளைய வேண்டுமில்லையா? அதற்கு.

டேக் கட்டும் நாள்தான் திருவிழா. மேடம் சகாயத்தை ஃபோர்க்லிஃப்டோடு வரவழைத்து, முனையில் நிறுத்தி, சீட்டில் உட்காரவைத்தார். அந்தப் பக்கம் கஸ்தூரி அக்காவை டிராலியோடு நிறுத்தினார். நடுவில் ஏணி மேல் நான், கையில் டேக் கட்டோடு. ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக் கேட்டேன்.

"இது?"

"மறைக்குது."

"இது?"

"மறைக்குது."

"இது?"

"அதுவும் மறைக்குதுண்ணா. எல்லாமே மறைக்குது. செகப்பு கட்டு."

மேடம் ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் போய் நின்றார். "எத மறைக்கு?"

"அக்காவோட தலைய."

"தலையத்தான? காலு தெரியுதுல்ல?"

சகாயம் குனிந்து பார்த்தான். "காலு தெரியுது."

"அப்ப மஞ்சள்."

அந்தப் பக்கத்திலிருந்து கஸ்தூரி அக்கா குரல் கொடுத்தார்: "இன்னாம்மா பேசுற? தலை மறைஞ்சா பரவால்லியா? காலு மட்டும் தப்பிச்சா போதுமா?"

"ஆளு வர்றது காலுலதான் தெரியும்க்கா. தல ஆடாம வருது, காலு ஆடிக்கிட்டுல்லா வருது."

நான் சிரித்து, ஏணியிலிருந்து ஒரு படி வழுக்கி, பின்பக்கம் முள் ஏறியது. அந்த முள்ளை எடுத்த கதை இங்கே வேண்டாம். ஆனால் அந்த ஒரு மஞ்சள் டேக் கிளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாதைக்கு மேலே வளைந்து நின்ற கிளை அது. வெட்டிவிடலாம் என்றான் சகாயம். நானும்தான் சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்தும் மேடம் அதை விட்டுவைத்தார். "பூத்தா இதுதான் பூக்கும்" என்றார், அவ்வளவுதான்.

வெட்டி முடித்தபோது காகிதப்பூ கரண்ட் அடித்த காக்காய் மாதிரி நின்றது. நாலைந்து கட்டைகள், மேலே சில குச்சிகள். போகிற வருகிற எல்லாரும் என்னைத் திட்டினார்கள். ப்ரஸ் ஷாப் ஆட்கள், செடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "மனசாட்சியே இல்லியாண்ணா உனக்கு?" என்றார்கள். பிடுங்கச் சொன்ன சகாயமே கட்டையைத் தொட்டுப் பார்த்து, "பாவம்ணா" என்றான்.

துளிர் வந்தது. மேடம் ஒரு உத்தரவு போட்டார். "இலை வந்தாச்சு. இனி தண்ணி கெடையாது. காகிதப்பூ தாகத்துலதான் பூக்கும். தண்ணி குடிச்சா இலைதான் போடும்."

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, மறுநாள் காலை பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை யாருக்கும் தெரியாமல் ஊற்றினேன். வெயிலில் மொட்டையாக நிற்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்க உங்களால் முடியுமா? எனக்கு முடியவில்லை.

அப்புறம் பார்த்தால் இலை, இலை, இலை. ஆள் உயரத்துக்கு நெட்டையாகக் குச்சி குச்சியாகப் போகிறது, ஒரு பூ இல்லை. மேடம் ஒரு நாள் மெயின்டனன்ஸில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்து, செடி அடியில் மண்ணில் குத்தினார். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினார். ஈரம்.

"யாரு ஊத்துனா?"

"தெரியல மேடம்" என்றேன். என் பேன்ட் கால் நனைந்திருந்ததை அவர் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றார்.

நான் நிறுத்திவிட்டேன். மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும். என்னடா இது என்று, கேன்டீன் ஜன்னலோரம் உட்கார்ந்து வேவு பார்த்தேன். முதலில் கஸ்தூரி அக்கா வந்தார், டீ டம்ளர் கழுவிய வாளியோடு.

"அக்கா! ஊத்தாதக்கா!"

"போடா. பச்சப்புள்ளைக்குத் தண்ணி குடுக்காத பாவி நீ."

அடுத்து செக்யூரிட்டி, கை கழுவிய சாக்கில். அடுத்து பேக்கிங் செக்‌ஷன் பொண்ணுங்க ரெண்டு பேர், ஆளுக்கொரு பாட்டில். கடைசியாக ஒரு வெள்ளைக் கேனோடு சகாயம். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன்.

"டேய்! நீதானடா புடுங்கச் சொன்ன?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "புடுங்கணும்னா ஒரேயடியா புடுங்கணும்ணா. இப்டி நிக்க வெச்சுப் பட்டினி போடக் கூடாது. அதான் நல்ல தண்ணியா குடுத்தேன். இதுல உப்பே கெடையாதுண்ணா."

கம்பெனியே சேர்ந்து அந்தச் செடியை அன்பால் மூழ்கடித்துக்கொண்டிருந்தது. சித்திரை பக்கத்தில் வந்துவிட்டது. பூக்காவிட்டால் சேஃப்டி சார் பார்க்க வர மாட்டார். அவர் பார்க்காவிட்டால், மழைக்குள் இந்த இலையெல்லாம் சேர்ந்து பழைய சுவராகிவிடும், ஜேசிபி வந்துவிடும். இதைச் சகாயத்துக்கு விளக்கினேன். கேனை மூடினான். அக்காவுக்கு விளக்கினேன். வாளியை என் காலில் கவிழ்த்தார்.

அதன் பிறகு நான் டீ நேரமெல்லாம் செடிப் பக்கத்திலேயே காவல். மேடம் சொல்லி நெட்டைக் குச்சிகளின் நுனிகளைக் கிள்ளினேன். மண் காய்ந்தது. ஸ்க்ரூடிரைவர் இறங்கவில்லை. இலை வாடித் தொங்கியது. அதைப் பார்க்க முடியாமல் என் தண்ணீர் பாட்டிலை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். மேடம் தினமும் வருவார், மண்ணைக் குத்துவார், போய்விடுவார்.

ஒரு காலை, ஷிஃப்டுக்கு வரும்போதே தெரிந்தது. மஞ்சள் டேக் கிளையின் நுனியில், ஒரே ஒரு இடத்தில், ராணி கலர். தீக்குச்சி உரசின மாதிரி. நான் ஓடினேன். அந்த வயதில், சேஃப்டி ஷூவோடு, 'ஓடாதீர்கள்' என்று எழுதியிருந்த பாதையிலேயே ஓடிப் போய் மேடத்தின் முன்னால் மூச்சு வாங்க நின்றேன். கையால் காட்டினேன்.

"பூத்துட்டுதா? சரி, பக்கத்துல போய் மூச்சு விடாதீங்க."

அப்புறம் நிற்கவே இல்லை. கிளை கிளையாக, கொத்துக் கொத்தாக, இலையே தெரியாமல் பூத்தது. கேன்டீனுக்குப் போகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு இந்த வழியாகப் போனார்கள். வல்லம், தண்டலம் பக்கக் கம்பெனி டிரைவர்கள்கூட லோடு இறக்க வந்த இடத்தில் செல்ஃபி எடுத்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்று, எல்லா ஃபோட்டோவிலும் இருக்கிறேன்.

ஆனால் பூ ஏற ஏற, அந்த மஞ்சள் டேக் கிளை கனத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. பாதைக்கு மேலே வில் மாதிரி. சேஃப்டி சார் வருவதாகச் சொன்ன காலையில் நான் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். நுனியில் கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது.

மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"கத்திரிய கீழ வைங்க அண்ணாச்சி. மறைக்கிதுன்னு அவரு சொன்னா, மறைக்கிதுதான். ஒருத்தர் உசுரு விசயம்லா."

வைத்தேன்.

சேஃப்டி சார் வந்தார். அந்தப் பக்கம் கஸ்தூரி அக்கா கொண்டையில் ஒரு கொத்து ராணி கலரைச் செருகிக்கொண்டு டிராலியோடு நின்றார். மறுபக்கத்திலிருந்து சகாயம் ஃபோர்க்லிஃப்டை எடுத்தான். டேக் கட்டிய நாளில் வந்து நின்றதை விட்டால், அந்த முனைக்கு அவன் வண்டி வருவது டீ கவிழ்ந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அக்காவும் அதே நேரத்தில் டிராலியைத் தள்ளினார். முனைக்கு வெகு முன்னாலேயே ஃபோர்க்லிஃப்ட் நின்றது. சகாயம் ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா நிதானமாகத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் கடந்து போனார்.

எனக்குத் தாங்கவில்லை. வண்டிமேல் ஏறாத குறை. "டேய் சகாயம், எப்டிடா கீது? பாத்தியா பூவ? இந்தக் கிளைய வெட்டச் சொன்னோமேடா நாம ரெண்டு பேரும்! எம்மாம் பூ பாரு! ஒரு வார்த்தை சொல்லுடா, சேஃப்டி சார் நிக்கிறாரு, எப்டி கீதுன்னு சொல்லு!"

அவன் பூவைப் பார்க்கவே இல்லை.

"காலு தெரியுதுண்ணா."